வீட்டு ரூட்டரும் மோடமும் வி.பி.என்.னுக்கு ஒத்துழைக்க



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு மருத்துவ உதவியோ படிப்பு உதவியோ கேட்டு வருபவர்கள்தான் வழக்கம். இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் மஹல்லாவில் பெருகிவிட்டார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு இது நல்ல வழி. ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் வைக்கும் முதல் நிபந்தனையே, "எங்கள் வி.பி.என். வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்" என்பது. பலருக்கும் வேலை தடைபடுவது அந்த இடத்தில்தான்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரர் தன் மகளை அழைத்து வந்தார். பி.காம். முடித்த பெண். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். "மாமு, வி.பி.என். கனெக்ட் ஆகிடுச்சுன்னு பச்சையா காட்டுது. ஆனா ஆபீஸ் சர்வர்ல இருக்கிற ஒரு ஃபைலும் திறக்கல. கம்பெனில கேட்டா உங்க வீட்டு நெட் சரியில்லைங்கிறாங்க. நெட்காரங்கள கேட்டா லைன்ல குறையே இல்லைங்கிறாங்க" என்றாள். பத்து நாளாக இப்படி. அவள் அத்தா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வேலை போனால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றாயா என்று கேட்டோம். அதில் எல்லாம் திறக்கிறதாம். ஆனால் வீட்டுக்குள் சிக்னல் சரியாக நிற்பதில்லை, டேட்டாவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. இந்த ஒரு பதிலிலேயே பாதி விடை இருந்தது. ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறதென்றால் லேப்டாப்பிலும் கோளாறு இல்லை, கம்பெனியின் சர்வரிலும் கோளாறு இல்லை. மீதி இருப்பது வீட்டில் சுவரில் தொங்கும் பெட்டி.

அந்தப் பெட்டி எது

பேச்சில் நாம் எல்லாவற்றையும் "மோடம்" என்றே சொல்கிறோம். மோடம் வேறு, ரூட்டர் வேறு. வெளியிலிருந்து வரும் கம்பியின் மொழியை வீட்டுக் கருவிகளின் மொழிக்கு மாற்றித் தருவது மோடம். முன்பு டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் அது தனிப் பெட்டி. இப்போது ஃபைபரில் வரும் ஒளியை வாங்கி மாற்றித் தரும் பெட்டியை ஓ.என்.டி. அல்லது ஓ.என்.யு. என்பார்கள். ரூட்டரின் வேலை அதற்கு அடுத்தது. வந்த ஒரே இணைப்பை வீட்டில் இருக்கும் பத்துக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் ஒதுக்குவது அதுதான். ஃபைபர் கம்பெனிகள் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதன் மேல் நாம் கடையில் வாங்கிய ரூட்டர் ஒன்றையும் மாட்டினால் வீட்டில் ஒரு மோடமும் இரண்டு ரூட்டரும் ஆகிவிடும். அதன் தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ரூட்டரின் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்தபடி அந்த எண்களை பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் உள்பக்கம் திறக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ஸ்டிக்கரில் இருக்கும் கடவுச்சொல்லையே பல வருடங்களாக மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் மாற்றிவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. விருந்தாளிக்குச் சொல்ல வேண்டியது வைஃபையுடையது மட்டும்தான்.

வி.பி.என். என்ன செய்கிறது

நாம் ஒரு தளத்துக்கு அனுப்பும் செய்தி, மேலே முகவரி எழுதிய கடிதம் மாதிரி. இன்றைக்குப் பெரும்பாலான கடிதங்கள் ஒட்டிய உறையில்தான் போகின்றன. ஆனாலும் யாருக்குப் போகிறது என்பது இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியும். வி.பி.என். போட்டால் எல்லாக் கடிதங்களும் முத்திரை வைத்த ஒரே சாக்குப்பைக்குள் போய்விடும். சாக்குப்பையின் மேல் வி.பி.என். சர்வரின் முகவரி மட்டும் இருக்கும். அங்கே போய்ப் பை பிரிக்கப்பட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றும் உரிய இடத்துக்குப் போகும். வழியில் இருப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் பையைப் பிரிப்பவருக்குத் தெரியும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி வி.பி.என். என்றால் பையைப் பிரிப்பது கம்பெனி. ஆகவே கம்பெனி லேப்டாப்பில் சொந்த விஷயங்களைத் தேடாதீர்கள். சந்தையில் விற்கும் வி.பி.என். என்றால் பிரிப்பது அந்த வியாபாரி.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1. ஆகவே லேப்டாப், போன், டிவி எல்லாம் 192.168.1 என்று தொடங்கும் எண்களில் இருந்தன. கம்பெனி ஆளிடம் போனில் விசாரித்தோம். அவர்கள் அலுவலகத்து சர்வரின் எண்ணும் 192.168.1 என்றே தொடங்குகிறது! லேப்டாப்பிடம் "192.168.1.20-க்குப் போ" என்று சொன்னால் அது என்ன நினைக்கும்? நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏதோ கருவி என்று நினைத்து வீட்டுக்குள் தேடும். சாக்குப்பைக்குள் போடவே போடாது. நம் தெருவிலும் பத்தாம் நம்பர் வீடு இருக்கிறது, அடுத்த ஊரிலும் பத்தாம் நம்பர் இருக்கிறது. ஊர்ப் பெயர் எழுதாத கடிதத்தைத் தபால்காரர் இந்தத் தெருவில்தான் கொடுப்பார். போன் ஹாட்ஸ்பாட் வேறு எண் வரிசையைத் தந்ததால் அதில் மோதல் இல்லை. கம்பெனிக்காரரும் நெட்காரரும் தங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தீர்வுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரூட்டருக்குள் போய் "லேன்" என்ற பக்கத்தைத் திறந்து, ரூட்டரின் முகவரியை 192.168.1.1-இலிருந்து 192.168.73.1 என்று மாற்றினோம். 73-க்கு எந்த விசேஷமும் இல்லை, சாதாரணமாக யாரும் வைக்காத எண் என்பதுதான். 0, 1 இரண்டையும் தவிர்த்து 254-க்குள் எதையும் வைக்கலாம். அதே பக்கத்தில் டி.எச்.சி.பி. என்று இருக்கும் இடத்தில் ஒதுக்கும் எண்களும் 192.168.73 என்று மாறியிருக்கின்றனவா என்று பார்த்துச் சேமித்தோம். சில ரூட்டர்களில் அது தானாக மாறும், சிலவற்றில் நாமே மாற்ற வேண்டும். ரூட்டர் அணைந்து எரிந்ததும் ஒவ்வொரு கருவியையும் வைஃபையிலிருந்து துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். பிரிண்டரையோ கேமராவையோ குறிப்பிட்ட எண்ணில் நிறுத்தி வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை. அன்று சாயங்காலமே அந்தப் பெண் போன் செய்தாள், ஃபைல் திறந்துவிட்டது என்று.

இணைப்பே ஏற்படாதபோது

மேலே சொன்னது, இணைந்தும் வேலை நடக்காத கதை. சிலருக்கு வி.பி.என். இணையவே மறுக்கும். ஐ.பி.செக் என்ற வகை வி.பி.என்.கள் யு.டி.பி. 500, 4500 என்ற இரண்டு போர்ட் எண்களைப் பயன்படுத்துகின்றன. ரூட்டரின் பாதுகாப்புப் பக்கத்தில் "வி.பி.என். பாஸ்த்ரூ" அல்லது "ஏ.எல்.ஜி." என்ற தலைப்பில் ஐ.பி.செக், எல்.2.டி.பி., பி.பி.டி.பி. என்று சிறு கட்டங்கள் இருக்கும். கம்பெனி சொல்லும் வகைக்கு உரிய கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இதில் பி.பி.டி.பி. என்பது 1990-களின் சமாச்சாரம். அதன் பூட்டை உடைத்துவிட முடியும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். யாராவது இன்றும் அதைப் பயன்படுத்தச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். சாதாரண இணையத்தளங்கள் போகும் 443 போர்ட் வழியாகவே போகும் வி.பி.என்.களும் உண்டு. அவற்றுக்கு ரூட்டரில் பெரும்பாலும் எதையும் தொட வேண்டியதில்லை.

இன்னொரு கோளாறு, குழப்பத்தின் உச்சம். வி.பி.என். இணையும், சிறிய செய்திகள் போகும் வரும், பெரிய பக்கமோ இணைப்புள்ள மெயிலோ வந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். இதன் காரணம் எம்.டி.யு. என்னும் பொட்டல அளவு. கம்பியில் ஒரு தடவைக்கு 1500 பைட் பொட்டலம் போகலாம். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகிறோம். அந்த உறைக்கு 8 பைட் போய் 1492 மீதி. வி.பி.என். தன் உறையையும் போர்த்தினால் இடம் இன்னும் குறையும். வயர்கார்டு என்ற வி.பி.என். வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்ளும். பி.பி.பி.ஓ.இ. லைனில் அதை 1412 ஆகக் குறைத்தால் சரியாகப் பொருந்தும். மற்ற வகைகளுக்கு 1400, 1380 என்று இறக்கிப் பார்க்கலாம். கம்பெனி லேப்டாப்பில் இதை நாமாக மாற்ற முடியாது. "எம்.டி.யு.வைக் குறைத்துப் பாருங்கள்" என்று அவர்கள் ஐ.டி. ஆளிடம் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

இரண்டு ரூட்டர் உள்ள வீடு. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டரை வாங்கி, அதன் "வேன்" துளையில் முதல் பெட்டியிலிருந்து வரும் வயரைச் செருகிவிடுகிறோம் (வேன் என்றால் பள்ளிக்கூட வேன் அல்ல, வெளிப்பக்கத்து இணைப்புக்குப் பெயர்). இரண்டு பெட்டியும் கதவு எண் கொடுக்கத் தொடங்கும். இரண்டும் 192.168.1.1 என்றே இருந்துவிட்டால் நெட் அடிக்கடி நின்றுபோகும். வைஃபை எட்ட வேண்டும் என்பது மட்டும்தான் தேவையென்றால், இரண்டாவது ரூட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்றுங்கள். அது கதவு எண் கொடுப்பதை நிறுத்திவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். மாறாக நல்ல ரூட்டர் வாங்கி அதிலேயே வி.பி.என். அமைக்கப் போகிறீர்கள் என்றால், கம்பெனிப் பெட்டியை "பிரிட்ஜ்" முறையில் போடச் சொல்லி, பி.பி.பி.ஓ.இ. பெயர், கடவுச்சொல் இரண்டையும், வீலேன் எண் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி நம் ரூட்டரில் போட வேண்டும். இவற்றை எழுதி வாங்காமல் பிரிட்ஜ் பட்டனை அமுக்கிவிட்டால் நெட் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் பட்டிருக்கிறேன்.

ரூட்டரிலேயே வி.பி.என். தேவையா?

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் வி.பி.என். வேண்டும் என்றால் அந்த லேப்டாப்பில் மட்டும் போடுவதே நல்லது என்பது என் கருத்து. ரூட்டரில் போட்டால் வீட்டில் உள்ள அத்தனை கருவிகளும் அதே பைக்குள் போகும். பாங்க் ஆப் வெளிநாட்டு முகவரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொள்ளலாம். மேலும் பையை மூடி முத்திரை வைப்பது கணக்குப் போடும் வேலை. மலிவு ரூட்டரின் மூளை அதற்குத் திணறும். நூறு எம்.பி. இணைப்பு வைத்துக்கொண்டு, வி.பி.என். போட்டதும் இருபது கூட வரவில்லை என்பார்கள். அது லைனின் குற்றமல்ல. ஓபன்வி.பி.என். என்பதைவிட வயர்கார்டு இலேசானது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. வாங்குவதென்றால் வயர்கார்டு உள்ள ரூட்டரா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஃபைபர்காரர்கள் இலவசமாகத் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது.

ரூட்டரில் வி.பி.என். வைத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் அறக்கட்டளை அலுவலகமே அதற்கு உதாரணம். உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல், ஆதார் நகல், மருத்துவச் சீட்டு எல்லாம் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. யார் நம்மிடம் வாங்குகிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாது. அது நம்மிடம் இருக்கும் அமானிதம். கணக்குப் பார்ப்பவர் இரவில் வீட்டிலிருந்து பார்க்க வசதியாக, ஒருவர் ரூட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்திருந்தார். நல்லெண்ணத்தில்தான். ஆனால் அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுதும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கடவுச்சொல்லை ஊகித்துவிட்டால் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பலுக்கு வாசல் திறந்ததாகிவிடும். இதை அறிந்த அன்றே மூடினோம்.

அதற்குப் பதிலாக அலுவலக ரூட்டரில் வயர்கார்டு சர்வர் அமைத்தோம். ரூட்டர் ஒரு கியூ.ஆர். படம் தரும். அதைக் கணக்காளர் போனில் உள்ள வயர்கார்டு ஆப் படித்துக்கொண்டது. லேப்டாப்புக்குத் தனி ஃபைல். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் அழித்தால் போதும். வெளியே திறந்திருப்பது யு.டி.பி. 51820 என்ற ஒரே போர்ட். சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

இதில் நாங்கள் சிக்கிய இடம் இன்னொன்று. எல்லாம் சரியாக வைத்தும் வெளியிலிருந்து இணையவில்லை. ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64-இலிருந்து 100.127 வரையிலான முகவரிகள் இன்டர்நெட் கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் பலருக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தரும்போது உள்ளுக்குள் கொடுப்பவை. பெரிய குடியிருப்புக்கு ஒரே கேட் மாதிரி. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து நேராக நம் கதவுக்கு வர முடியாது. மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான பொது முகவரி ஒன்று வாங்கிய பிறகுதான் இணைந்தது. கம்பெனி வேலைக்கு வெளியே போய் இணைபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வீட்டிலோ கடையிலோ சர்வர் வைப்பவர்கள் மட்டும் முதலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு

ஒரு சகோதரர், துபாயில் இருக்கும் மகனுக்கு இங்கேயே ரூட்டரில் வி.பி.என். அமைத்து அனுப்பித் தர முடியுமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. செய்ய முடியாத காரியமல்ல. ஆனால் மறுத்துவிட்டோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் உள் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரு குற்றத்தைச் செய்யவோ அது கண்டுபிடிக்கப்படாமல் தடுக்கவோ முகவரியை மறைத்தால், 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டம் 10-ஆம் பிரிவின்படி சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. அங்கே தடுத்து வைத்திருக்கும் அழைப்பு வசதியைச் சுற்றுவழியில் பயன்படுத்துவது இதில் சேருமா சேராதா என்று வாதாடும் நிலையில் நம் பிள்ளைகள் இல்லை. விசாவும் வேலையும் அதோடு தொங்குகின்றன. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்கள் அங்கே இருக்கின்றன. சவூதியில் 2017 செப்டம்பரிலேயே இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. அங்கிருப்பவரைக் கேட்காமல் இங்கிருந்து யோசனை சொல்லாதீர்கள்.

நம் நாட்டில் வி.பி.என்.னுக்குப் பொதுவான தடை கிடையாது. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, பொதுமக்களுக்கு வி.பி.என். விற்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்காமல் சில பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டன. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.னுக்கு இந்த உத்தரவு பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது.

இலவச வி.பி.என். ஆப்களைப் பிள்ளைகள் போனில் பார்த்தால் அழித்துவிடுங்கள். பையைப் பிரிப்பவர் யார் என்று மேலே கேட்டோமே, அந்தக் கேள்விதான். ஒனாவோ என்ற வி.பி.என். ஆப்பை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. பாதுகாப்பு தருவதாகச் சொல்லிக்கொண்டே, பயனாளிகள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அது சேகரித்தது. 2019-இல் மூடினார்கள். 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக அந்தக் குழுமத்துக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொரு இலவச வி.பி.என்., தன் பயனாளிகளின் வீட்டு இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015-இல் வெளியே வந்தது. நம் வீட்டு முகவரியிலிருந்து யாரோ எதையோ செய்துவிட்டால் போலீஸ் தட்டப்போவது நம் கதவைத்தான்.

கம்பெனி வேலைக்கு வி.பி.என். இணையாமல் தவிப்பவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். நம் வாலிபர்கள் இருவர் இருப்பார்கள், கட்டணம் எதுவும் இல்லை. வரும்போது ரூட்டர் அடியில் உள்ள ஸ்டிக்கரையும், வி.பி.என். காட்டும் பிழைச் செய்தியையும் போட்டோ எடுத்து வாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைகிறதா இல்லையா என்பதை முதலிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். கம்பெனிக் கடவுச்சொல்லை எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டச்சு செய்துகொள்ளுங்கள். பெண்கள் வருவதென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லுங்கள், அந்த நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கித் தருகிறோம்.